பக்கத்து இருக்கைக்கு ஒரு பிரேக்

ஜனவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் மூக்கனும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உன் லேத்தும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காதுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்திவிட்டாயாமே? லேத் சத்தத்திலேயே ஆயுள் முழுக்க நின்றவனுக்குக் காது எதற்கு என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. போனில் பேசினால் நீ "என்ன? என்ன?" என்று கத்துகிறாய், நானும் பதிலுக்குக் கத்துகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறேன் என்று பயந்து எழுந்து போய்விடுகிறார். நமக்குக் கடிதமே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கை இப்போது காலையில் மட்டும்தான் திறக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் கராஜ்தான். உன் அக்கா மூக்கனைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த அன்று நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டே இருக்கை கொண்ட கார், கூரை கிடையாது, தரைப் பலகை முழுக்கத் துரு, முன்பக்கம் மட்டும் வீட்டு வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பேர் வைத்ததும் நீதான். இப்போது வந்து பார்த்தால் சிரிக்க மாட்டாய். புது இன்ஜின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஐந்து கியர் பெட்டியும் ஏறிவிட்டது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை, பிரைமரின் சாம்பல் நிறத்தில்தான் நிற்கிறான்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் உங்கள் பக்கத்து உறவினர்கள் வந்து உன் அக்காவின் அலமாரியையும் தையல் மெஷினையும் எடுத்துப் போனார்கள். ஞாபகத்துக்கு வேண்டும் என்றார்கள், நானும் தூக்கிவிட ஒரு கை கொடுத்தேன். அலமாரி நின்ற இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் சரியாகிவிடும்.

மூக்கனுக்கு இன்னும் இரண்டு மூன்று சாமான்கள்தான் பாக்கி. முடிந்ததும் நீ வந்து எடுத்துப் போக வேண்டும். "முடிச்சதும் தம்பிகிட்ட குடுத்துடுங்க, அவன் கடல் ஓரமா ஓட்டட்டும்" என்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதை நீயும் கேட்டாய். வண்டி ஓட்டவே தெரியாத நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? கிளட்ச் பெடலின் துளைக்குள் செருகும் பித்தளை வளையம், அந்த புஷ், ஒன்று வேண்டும். அளவு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். காதும் சுகம், கேட்க மாட்டேன் என்கிறதே தவிர வேறு தொந்தரவு இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதை எழுதச் சொன்னது என் வீட்டுக்காரி. நான் கேட்டால், "சாப்பிட்டாச்சு" என்று பொய் சொல்வீர்களாம்.

பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு பெரிய மீன்பிடிப் படகின் சுழல்தண்டு வந்து கிடக்கிறது, அதை நிமிர்த்துவதற்குள் என் முதுகு வளைந்துவிடும். நடுவில் உங்கள் புஷ்ஷைக் கடைந்துவிட்டேன். இத்துடன் பார்சலில் வருகிறது.

போன வாரம் பெரியப்பா வந்திருந்தார். உங்கள் பார்சல் மேஜை மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குடா?" என்றார். அத்தானுக்கு என்றேன். "அக்காவே இல்ல, அத்தான் எங்கேருந்துடா வந்தாரு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அவருக்கு வாயில் பல் இல்லை, நாக்கு மட்டும் மிச்சம். நீங்கள் ஒரு செட் கட்டிக் கொடுத்தாலாவது கொஞ்சம் அடக்கிப் பேசுவார். சிரிப்பதற்காகத்தான் எழுதினேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

புஷ் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். உன் வீட்டுக்காரியிடம், சாப்பிட்டாச்சு என்று சொல்.

பார்சல் பத்திரமாக வந்தது. ஆனால் புஷ் ஏறவில்லையப்பா. மயிரிழை பெரிதாக இருக்கிறது. என் அளவில் தப்பா, உன் கையில் தப்பா என்று பஞ்சாயத்து வைக்க வேண்டாம். நிதானமாக இன்னொன்று கடைந்து அனுப்பு. அவசரமே இல்லை. பழையதைத் திருப்பி அனுப்பவில்லை, இங்கேயே டிராயரில் கிடக்கட்டும்.

இன்ஜின் மேல் ஒரு ஈரத்துணி போட்டுத் துடைத்து வைத்தேன். பின்னால் இருக்கும் நட்டுகளைப் பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன், பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வண்டிக்கு வாய் நாற்றம் மட்டும்தான் இல்லை. மற்றபடி என் நோயாளிகளுக்கும் இவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியப்பாவின் உடம்பு சௌகரியமாக இருக்கிறது அல்லவா?

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

தப்பு என்னுடையதுதான். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அளவு பார்க்கும் வெர்னியரின் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைந்திருக்கிறேன்.

மார்ச் மாதம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். படகு வேலை இழுக்கும் போலிருக்கிறது. அதனால் நீங்களும் ஓடி ஓடி முடிக்க வேண்டாம். அக்கா இருந்தால், "ரெண்டு சோம்பேறிங்ககிட்ட என் வண்டி மாட்டிக்கிச்சே" என்று சொல்லியிருப்பாள். இதை எழுதும்போது அவள் குரலே கேட்கிறது. இந்தக் காதுக்குக் கேட்கிற ஒரே குரல் இப்போது அதுதான் அத்தான்.

உங்கள் மச்சான்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். வெயில் ஏறிவிட்டது. கராஜின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நிற்க முடியவில்லை, ஆகவே மூக்கனுக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன். அங்கே தரை ஜில்லென்று இருக்கிறது. போன வாரம் அப்படியே தூங்கிவிட்டேன். பல் வலியோடு தேடி வந்த ஒரு அம்மாள், வண்டிக்கு அடியில் இரண்டு கால்களைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிவிட்டார்.

புஷ் கச்சிதமாக இருக்கிறது. அடுத்த தலைவலி கியர் லிவர். பழைய வண்டியின் வயிற்றில் கோணல்மாணலாக ஒரு மேடு இருக்கிறது, வெளியே வராத கடைவாய்ப்பல் மாதிரி. அதன் மேல்தான் புது கியர் லிவரின் கூடு கவிழ்ந்து உட்கார வேண்டும். அந்த இடுக்கில் வெர்னியர் நுழையாது, ஸ்கேலும் நுழையாது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து அதன் மேல் அப்பினேன். அழகாக அச்சு வந்தது. அதில் பிளாஸ்டர் ஊற்றி அந்த மேட்டையே உனக்கு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதற்கு மேல் கவிழ்கிற மாதிரி ஒரு கூடு செய்து கொடு.

அக்காவின் டிரைவிங் ஸ்கூலை இப்போது நடத்துகிறாளே, அவளிடம் வேலை கற்ற பெண், ஊரே "ஹாரன்" என்று கூப்பிடுமே, அவள் வந்து எட்டிப் பார்த்தாள். வழக்கம்போலத் தெருக்கோடி வரை கேட்கிற குரலில், "டாக்டர், ஓட்டத் தெரியாம எதுக்கு இதைக் கட்டுறீங்க? சமைக்கத் தெரிஞ்சவன்தான் அடுப்பு வாங்குவான்" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அவள் வருகிற வண்டி அக்கா ஓட்டின அதே ஸ்கூல் கார்தான். சொல்லிக்கொடுப்பவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்குமே, அது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பஸ்ஸில் போனால்கூட அக்காவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவர் பிரேக் போடுகிறாரோ இல்லையோ, இவள் போட்டுவிடுவாள்.

கூடு மெதுவாக வரட்டும்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 30

அன்புள்ள அத்தானுக்கு,

எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. வண்டிக்கு அடியில் தூங்காதீர்கள். ஜாக்கி நழுவினால் அப்புறம் நான் யாருக்குக் கடிதம் எழுதுவது?

உங்கள் பிளாஸ்டர் மேடு வந்து சேர்ந்தது. பட்டறையில் எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். எந்த மிருகத்தின் பல் என்று கேட்டார்கள். அதன் மேல் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தே கூட்டைக் குடைந்தேன். மூடி போட்ட மாதிரி உட்காருகிறது. அனுப்பிவிட்டேன்.

இது கடைசிச் சாமான் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அப்ப வண்டி முடிஞ்சிடுமே, எப்பப் போய் எடுத்துட்டு வரப் போறீங்க?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். "இப்படி ஒரு பார்க்கலாமை நான் பார்த்ததே இல்ல" என்றாள். பெண்களுக்கு எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் பொழுது போகாது.

ஏறியதா என்று எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 13

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். கூடு வந்தது. மேட்டின் மேல் ஏற மறுக்கிறது, இறுக்கமாக இருக்கிறது. வேறு அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிந்தபோது செய்.

கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அத்தான்


ஏப்ரல் 29

அன்புள்ள அத்தானுக்கு,

கை நடுங்குகிறது என்று எழுதிவிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பல் டாக்டருக்கும் டாக்டர் தேவைதான்.

இப்போது நான் எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள்.

இரண்டாவது பிளாஸ்டரும் வந்தது. முதலாவதையும் நான் தூக்கிப் போடவில்லை, ஜன்னலில் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தான், ஒரே மேட்டுக்கு இரண்டு அளவு இருக்கிறது. இரண்டாவது, முதலாவதைவிடச் சிறியது. வண்டியின் வயிற்றில் இருக்கிற இரும்பு மேடு ஒரு மாதத்தில் கரைந்துவிடாது. அச்சு எடுத்த மாவு காய்ந்து சுருங்கினபிறகுதான் பிளாஸ்டர் ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவையும்.

என் முன்பல் உடைந்தபோது நீங்கள்தான் புதுப் பல் கட்டினீர்கள். லேத்திலிருந்து ஒரு துண்டு தெறித்து வாய் வீங்கிப் போய் வந்திருந்தேன். அச்சு எடுத்ததும் உங்கள் உதவியாள் டீ கொண்டு வந்து வைத்தாள். நீங்கள் அவளைப் பிடித்து ஒரு கத்து கத்தினீர்கள். "அச்சு எடுத்த கையோட பிளாஸ்டர் ஊத்தணும். டீ குடிச்சிட்டு வரலாம்னு போனா அது இவன் பல்லே இல்ல, வேற எவனோ பல்லு!" என்றீர்கள். அக்கா அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். அந்தப் பல் இன்றுவரை ஆடவில்லை. அப்படிப்பட்ட ஆள் எனக்கு எவனோ பல்லை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்.

அது மட்டும் இல்லை. நான் செய்த கூடு இறுக்கம் என்றால், உங்களிடம் இருக்கிற டிரில்லால் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்தால் போதுமே. பல்லையே தேய்க்கிறவருக்கு அலுமினியம் என்ன பெரிய காரியம்?

நேராகவே கேட்கிறேன். மூக்கன் ஓடுகிறானா?

உங்கள் மச்சான்


ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ என்று முதலில் நினைத்தேன், வந்து சேர்ந்திருக்கும் என்று இப்போது பயமாக இருக்கிறது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். உதவியாள் ஏதோ சொன்னாள், "தினமும்", "வெளியே" என்ற இரண்டு வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. தினமும் வெளியே போகிறீர்களா? எங்கே?

நான் கேட்டதை மறந்துவிடுங்கள். கூடு இன்னும் பத்து வேண்டுமென்றாலும் செய்து அனுப்புகிறேன். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மச்சான்


ஜூன் 22

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன். சர்க்கரை எல்லாம் சரியான அளவில் இருக்கிறது. உன்னைப் பதற வைத்ததற்கு மன்னித்துவிடு. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கிழித்துப் போட்டது நிறைய.

மூக்கன் ஓடுகிறான்.

உன் கூடு வந்த அன்றே நீ சொன்ன அதே டிரில்லால் உள்பக்கம் தேய்த்தேன், அம்சமாக உட்கார்ந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். நாலு தடவை இருமிவிட்டு ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்கச் சத்தம், டப்பாவில் இருந்த நட்டுகள் எல்லாம் குதிக்கின்றன. நான் சந்தோஷத்தில் திரும்பி, "கேட்டியா?" என்று கத்தினேன். சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன் மச்சான். அப்புறம்தான் யாரும் இல்லை என்று உறைத்தது. உடனே அணைத்துவிட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். அன்றைக்கு எழுதியதுதான் அந்தச் சின்னக் கடிதம்.

வண்டி முடிந்தால் நீ வருவாய். வந்தால் எடுத்துப் போவாய். அப்புறம் எந்தச் சாக்கில் உனக்கு எழுதுவேன்? புஷ் வேண்டும், கூடு வேண்டும் என்றால் எழுதலாம். சும்மா எழுதினேன் என்று எழுத எனக்கு வராது. உன் பெரியப்பா கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை அல்லவா? சிரிப்புக்குத்தான் எழுதியிருந்தாய், எனக்குத் தெரியும். ஆனால் பதில் தெரியாமல்தான் விட்டேன். எனக்கு உன்னைவிட்டால் அவளைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அவள் கால் தரையை அழுத்துவதைப் பற்றி நான் வேறு யாரிடம் சொல்லிச் சிரிக்க முடியும்? அதனால்தான் அச்சைக் காயவிட்டேன். என் தொழிலில் நான் வேண்டுமென்றே கெடுத்த வேலை அவை இரண்டும்தான்.

சரி, என் வழக்கு முடிந்தது. இனி உன்னுடையதை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் நீ அனுப்பிய புஷ்ஷை நானும் வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்குப் பெரிதாக இருந்தது. கண் மங்கியவன் செய்தால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். இது நூல் பிடித்த மாதிரி பெரிது. இப்படித் தப்பு செய்யக் கண் ரொம்ப நன்றாகத் தெரிய வேண்டும். அதைப் பல்செட்டுக்குப் பாலிஷ் போடும் மெஷினில் ஒரு சுற்று காட்டி அன்றே மாட்டிவிட்டேன். நீ இரண்டாவது அனுப்பியது டிராயரில் தூங்குகிறது. நான் ஏன் கெடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். நீ ஏன் கெடுத்தாய் மச்சான்?

தினமும் எங்கே வெளியே போகிறேன் என்று கேட்டாயே. ஸ்கூல் காரில் போகிறேன். ஹாரன் சொல்லிக்கொடுக்கிறாள். கிளட்ச்சை விட்டால் வண்டி தவளை மாதிரி குதிக்கிறது. ரிவர்ஸில் போய் ஒரு கம்பத்தை இடித்தேன், அதற்கு அவள் போட்ட சத்தம் உனக்கே கேட்டிருக்கும். இத்தனை வருஷம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தவன், அவள் பார்த்த இடத்திலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன். போன வாரம் லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவருக்கு நான்தான் பல் கட்டியிருக்கிறேன் என்று ஹாரன் வதந்தி கிளப்புகிறாள், நம்பாதே.

ஆனால் தனியாக ஓட்ட எனக்குப் பயம். பக்கத்தில் ஒரு கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்கிறது என்று தெரிந்தால்தான் என் கால் வேலை செய்கிறது. அதனால் மூக்கனுக்குக் கடைசியாக ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக். கம்பியும் இணைப்பும் தயார், பெடல் மட்டும் வேண்டும். ஸ்கூல் காரில் இருப்பதைக் கேட்டேன். "அது அக்கா கால் பட்டது, கழட்டித் தர மாட்டேன்" என்று ஹாரன் மறுத்துவிட்டாள். அச்சு எடுக்க மட்டும் விட்டாள்.

அந்தப் பெடலின் வலது ஓரம் தேய்ந்து சரிந்திருக்கிறது. எத்தனையோ பேரை இடிக்காமல் காப்பாற்றிய தேய்மானம். அச்சு எடுத்த கையோடு, காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றினேன். டீ குடிக்கப் போகவில்லை. இது எவனோ பல் இல்லை மச்சான், அவளுடையதேதான். தேய்மானத்தோடு செய்து கொடு.

அன்புடன்,
அத்தான்


ஜூலை 7

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்தேன், அப்புறம் என் வீட்டுக்காரி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காதுல பூ சுத்தியிருக்கீங்க, இதுக்குத் தபால்காரர் வேற" என்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அலமாரி போன இடத்தில் சுவரின் நிறத்தைப் பற்றி ஜனவரியில் எழுதியிருந்தீர்கள். தூக்கிவிட நீங்களும் ஒரு கை கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் லேத்துக்குப் போனேன். அடுத்து வந்து மூக்கனை எடுத்துப் போகிற ஆள் நான்தான் என்று தெரிந்தது. கராஜ் தரையிலும் அப்படி ஒரு இடம் விழும், அதற்கும் நீங்கள் ஒரு கை கொடுப்பீர்கள். கை தானாக நின்றுவிட்டது அத்தான். முடிக்க வேண்டிய அளவுக்கு முன்னாலேயே மெஷினை நிறுத்திவிட்டேன். இரண்டாவது புஷ்ஷிலும் அப்படிச் செய்ய நினைத்தேன், தொழில் விடவில்லை.

அதனால் வண்டியை எடுத்துப் போக நான் வரப்போவதில்லை. அக்கா என்ன சொன்னாள்? கடல் ஓரமாக ஓட வேண்டும் என்று சொன்னாள். ஓட்டுவது நீங்கள், பக்கத்தில் பிரேக்கோடு உட்காருவது நான். நீங்கள் என்ன கத்தினாலும் எனக்குக் கேட்காது, அந்த வகையில் உங்களுக்கு என்னைவிட நல்ல துணை கிடைக்காது. இங்கே வந்து உங்களுக்குச் சலிக்கிற வரை இருங்கள். பிறகு நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்பலாம். வண்டி உங்கள் கராஜில்தான் நிற்கும். அடுத்த தடவை வரும்போது எந்தச் சாமானும் வேண்டாம் என்று எழுதிவிட்டே வாருங்கள்.

பெரியப்பா நேற்று வந்தார். பெடலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, புதுச் சாமானை ஏன்டா தேய்ச்சு வைக்கிறே, என்றார். அத்தான் கேட்டார் என்றேன். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். "அக்கா இல்லதான் பெரியப்பா. அத்தான் இருக்காரே" என்றேன். பெடலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். போகும்போது, தனக்கு ஒரு செட் கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

பெடலைப் பற்றி. என் தொழிலில் தேய்ந்ததைப் புதிதாக்கியிருக்கிறேன், புதியதைத் தேய்த்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சரிவு ஒரு பக்கமாக இறங்கி ஓரத்தில் கொஞ்சம் குழிகிறது. அதன் மேல் என் கால் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி உதை வாங்கியது ஞாபகம் வந்தது. பட்டறையை அன்று சீக்கிரமாகவே பூட்டிவிட்டேன்.

பெடலைத் தபாலில் அனுப்பவில்லை. பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் நானே வருகிறேன். ஸ்டேஷனுக்கு மூக்கனை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் நீங்கள் ஓட்ட வேண்டாம். நடந்தே வாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெடலின் துளையை மட்டும் அளவைவிடக் கொஞ்சம் சின்னதாகவே போட்டிருக்கிறேன். தண்டில் அது உடனே ஏறாது. வேண்டுமென்றேதான் செய்தேன், ஆகவே வெர்னியரைத் தேட வேண்டாம். கராஜில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து மெதுவாகத் தேய்த்து மாட்டலாம்.

சாப்பிட்டுவிட்டு இருங்கள்.

உங்கள் மச்சான்